ஆடாத படகுக்கு ஒரு கமிட்டி

ஜேசுராஜுக்கு வந்த மாற்றல் உத்தரவு அரைப் பக்கம்தான். அதைப் பெண்டாட்டிக்குப் படித்துக்காட்ட அவருக்கு ஒரு முழு சாயங்காலம் பிடித்தது.

"'பொதுநலன் கருதி'ன்னு போட்டிருக்கான், லூர்து. என்னை ஜபல்பூருக்கு அனுப்புறதுல பொதுவுக்கு என்னா நலன்?"

லூர்தம்மாள் காஜா எடுத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எப்ப போவணுமாம்?"

"மார்ச் முப்பத்தொண்ணு."

"எனக்கு ஜூன் ஒண்ணாந் தேதி."

அவளுக்கு ஜூன் ஒன்றாம் தேதி என்னவென்று அவருக்குத் தெரியும். ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரியும். பட்டாபிராமில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அவள் பதினோரு வருஷமாகத் தற்காலிகத் தையல் டீச்சர். இந்த ஜூனில் நிரந்தரம் என்று மதர் சுப்பீரியர் சொல்லிவிட்டார். நிரந்தரமானால் முழுச் சம்பளம். வளாகத்திலேயே டீச்சர்களுக்கென்று இருக்கிற அறைகளில் ஒன்றும் கேட்டால் கிடைக்கும். அதுவரைக்கும் ஜேசுராஜின் குவார்ட்டர்ஸ்தான் கூரை. அவர் ஜபல்பூர் போனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தற்காலிகச் சம்பளத்தில் ஒரு ஆட்டுக்கொட்டகைகூட வாடகைக்கு எடுக்க முடியாது. இரண்டே மாசம். அந்த இரண்டு மாசத்தைத் தாண்டிவிட்டால் போதும்.

"யாரைப் பிடிச்சா நிக்கும்?" என்றாள்.

"டெபுடி மேனேஜர் சம்பத் சார் ஒரு கையெழுத்து போட்டா நின்னுடும்."

"நாளைக்குப் போய்ப் பிடிங்க."

மறுநாள் ஃபேக்டரியிலிருந்து வந்தவர் சைக்கிளை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு நிறுத்தினார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"படகு வாங்கணும்னாரு."

லூர்தம்மாள் ஊசியைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். சம்பத் மூன்று மாசம் வெளிநாட்டில் பயிற்சிக்குப் போய் வந்தவர். அங்கே ஏரியில் ஆளாளுக்கு ஒரு ஒல்லிப் படகில் உட்கார்ந்து மீன் பிடித்ததைப் பார்த்துவிட்டார். அதற்குப் பேர் கயாக்காம். தூண்டில் ஒன்றும் வாங்கி வந்தார். ஒரு வருஷமாக அந்தத் தூண்டில் அவருடைய அறையில் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. பருத்திப்பட்டு ஏரியில் அதைப் போட்டே தீர வேண்டுமாம். ஆனால் ஒரு நிபந்தனை: படகு ஆடக்கூடாது. ஆடினால் அவருக்கு ஆகாது.

"'என் வீட்டுக்காரி ஊரு பழவேற்காடு சார், அவங்க பரம்பரையே படகுதான், ஆடாததாப் பொறுக்கித் தர்றேன்'னு சொல்லிட்டேன். 'ஞாயித்துக்கிழமை படகு, திங்கட்கிழமை உன் ஃபைல்'னுட்டாரு."

"அப்ப நான்தானே பொறுக்கணும்?"

"நீ எதுக்கு? கமிட்டி போட்டாச்சு."

ஜேசுராஜ் பத்தொன்பது வருஷமாகத் தர ஆய்வாளர். வந்த சாமானை அளப்பார், தட்டுவார், முத்திரை குத்துவார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, கதவு நிலை கால் அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று மாமனாரிடம் சொன்ன ஆள். கமிட்டி இல்லாமல் அவருக்குத் தேங்காய் வாங்கவும் வராது. பக்கத்து வீட்டு லேத் ஆபரேட்டர் கோவிந்தராஜ் ஒரு உறுப்பினர். எதிர் வரிசை அப்பாவு இன்னொருவர். அப்பாவுவை எந்தக் கமிட்டியிலும் போடலாம். யார் எது சொன்னாலும் "கரெக்ட்" என்பார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்பினார்கள். "எனக்கு நூல்கண்டு வாங்கணும்" என்று லூர்தம்மாளும் கூடவே பஸ் ஏறினாள்.

துலுக்காணத்தின் ஃபைபர் பட்டறையில் தண்ணீர்த் தொட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு பச்சை யானை நின்றது. பார்க்கில் பிள்ளைகள் சறுக்குவதற்காக அதன் தும்பிக்கையை நீளமாக இழுத்துவிட்டிருந்தார்கள்.

"இன்னா சார், யானையா, டேங்கா?"

"கயாக்," என்றார் ஜேசுராஜ்.

துலுக்காணம் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே போட்டான். "வந்துட்டியா நைனா! ஒரு கிளப்புக்காரன் படத்தக் குட்த்து ஆறு போடச் சொன்னான். நாலு எட்துகினு போனான். ரெண்டு இங்கயே கீது. கோழி முட்டை வுட்து அதுல."

ஒன்று சிவப்பு. ஒடுக்கமாக, வயிறு உருண்டு இருந்தது. இன்னொன்று நீலம். அகலம், அடி தட்டை. குளிக்கிற தொட்டியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி. இரண்டிலும் முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்கார அடித்தளத்திலேயே பள்ளம் விட்டிருந்தது.

"ஆளு ஏறி தண்ணியில போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் லூர்தம்மாள்.

"ஒழுவுதான்னு தொட்டில போட்டுப் பாத்தேம்மா. ஒழுவல. ஆளு ஏறல. எனுக்கு நீச்சல் தெரியாது."

"லூர்து, கமிட்டி வேலை செய்யட்டும்," என்றார் ஜேசுராஜ்.

பையிலிருந்து ரசமட்டம் வந்தது, டேப் வந்தது, கட்டம் போட்ட நோட்டு வந்தது. முதலில் சிவப்பை சிமெண்ட் தரையில் வைத்தார்கள். உருண்டை வயிறு, வைத்த உடனே ஒரு பக்கம் சாய்ந்து படுத்தது.

"ரிஜெக்ட்," என்றார் ஜேசுராஜ்.

நீலத்தை வைத்தார்கள். ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றது. கோவிந்தராஜ் உள்ளே ஏறி உட்கார்ந்தான், நின்றான், இரண்டு குதி குதித்தான்.

"மலை மாரி கீது அண்ணாத்தே! அசையல!"

"கரெக்ட்," என்றார் அப்பாவு.

"தரையில வெச்சா எந்தப் படகுதான் கவுறும்?" என்றாள் லூர்தம்மாள். "அந்தத் தொட்டித் தண்ணியில எறக்குங்க."

துலுக்காணத்துக்கு அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. அவனும் பட்டறை ஆளும் இரண்டையும் தூக்கிப் பெரிய சிமெண்ட் தொட்டியில் போட்டார்கள். லூர்தம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு குந்தி, சிவப்பின் விளிம்பைக் கையால் அழுத்தினாள். தொட்டதும் ஆடியது. இன்னும் அழுத்தினாள், ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்து, கையை எடுத்ததும் குலுங்கி நிமிர்ந்தது. நீலத்தை அழுத்தினாள். அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். அசையவில்லை. உடம்பைக் கொடுத்து ஒரு தரம் அழுத்தினாள். ஒரு விளிம்பு உள்ளே போனது, அரைத் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு குப்புறப் படுத்தது.

"பாத்தீங்களா? சேப்பு ஆடும், ஆனா திரும்பி வரும். நீலம் ஆடவே ஆடாது. ஒரேயடியாப் போயிடும்."

"ஆடும்னு நீயே ஒத்துக்கிறே."

"திரும்பி வருதுங்க!"

"சம்பத் சார் கேட்டது ஆடாத படகு. திரும்பி வர்ற படகு இல்ல."

"கரெக்ட்," என்றார் அப்பாவு. கொஞ்சம் கழித்து லூர்தம்மாளைப் பார்த்து, "நீங்க சொல்றதும் கரெக்ட்," என்றார்.

நீலம் முடிவாயிற்று. அதோடு விட்டிருந்தால்கூட லூர்தம்மாள் வாயை மூடிக்கொண்டிருப்பாள். அடியில் அடக்கமாக உட்கார்ந்தால் நீலத்திலும் மீன் பிடித்து வரலாம். ஆனால் ஜேசுராஜ் படகுக்குள்ளே எட்டிப் பார்த்து நின்றார். முகம் கறுத்துவிட்டது.

"சார் எங்க உட்காருவாரு?"

"இதோ, பள்ளம் வுட்டுக்கீதே," என்றான் துலுக்காணம்.

"தரையிலயா? டெபுடி மேனேஜரையா?"

ஜேசுராஜ் கமிட்டியின் பக்கம் திரும்பினார்.

"துடுப்பு போடற நானும் தரை, அவரும் தரை. நாளைக்கு என் ஃபைலை எடுக்கும்போது அது அவருக்கு ஞாபகம் வராதா?"

"வரும் அண்ணாத்தே," என்றான் கோவிந்தராஜ். "கண்டிப்பா வரும்."

துலுக்காணம் பட்டறையில் நாற்காலியும் வார்த்தார்கள். கையுள்ள வெள்ளை நாற்காலி ஒன்றை எடுத்து, ஜேசுராஜ் டேப்பை வைத்துப் பார்த்தார். ஆபீஸில் சம்பத் நாற்காலி பதினெட்டு அங்குல உயரம். இதுவும் பதினெட்டு. அதைப் படகின் பின்பாதியில் வைத்து நாலு போல்ட் போட்டு முடுக்கச் சொன்னார்.

"கனம் மேல ஏறினா கவுந்துடுங்க," என்றாள் லூர்தம்மாள். "எங்க ஊர்ல கட்டுமரத்துல முட்டி போட்டுத்தான் போவாங்க."

"உங்க ஊர்க் கட்டுமரத்துல ஆபீஸர் ஏறினதுண்டா?"

"இல்ல."

"அப்ப?"

ஜேசுராஜ் பேனாவைத் திறந்தார். நோட்டில் 'ஸ்திரத்தன்மை: திருப்திகரம்' என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். படகு மீன்பாடி வண்டியில் ஏறி ஆவடிக்குக் கிளம்பியது. நாற்காலி வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் லூர்தம்மாள் முட்டி போட்டு யோசித்தாள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், வேறு பாவங்களை நினைக்க வேண்டிய நேரம். அவளுக்கு நாற்காலிதான் கண்ணில் நின்றது. ஆபீஸர் விழுந்தால் ஜபல்பூர். 'தரையில் உட்காருங்க' என்று சொல்லி ஆபீஸருக்குக் கோபம் வந்தாலும் ஜபல்பூர். விழாமலும் இருக்க வேண்டும், யாரும் சொல்லாமலும் இருக்க வேண்டும். பூசை முடிவதற்குள் அவளுக்கு ஒரு பொய் தோன்றியது. கோயிலிலேயே தோன்றியதால் கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது.

ஏரிக்கரையில் கமிட்டி வரிசையாக நின்றது. சம்பத் காரிலிருந்து தொப்பி, பூட்ஸ், தூண்டிலோடு இறங்கினார். லூர்தம்மாள் அதற்கு முன்பே தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவிப் பார்த்திருந்தாள்.

"ஆடாதே?" என்றார் சம்பத்.

"ஆடவே ஆடாது சார். மூணு பேர் டெஸ்ட் பண்ணி கையெழுத்து போட்டிருக்கோம்," என்று நோட்டை நீட்டினார் ஜேசுராஜ்.

"இது என்ன, சேர்?"

"உங்களுக்குத்தான் சார். பதினெட்டு இஞ்ச்."

சம்பத் முகத்தில் மெல்லச் சந்தோஷம் வந்தது. லூர்தம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சார், எங்க பழவேற்காட்டுல படகுக்குச் சொந்தக்காரரு கீழதான் உட்காருவாரு. கால நீட்டிகினு, ராஜா மாரி. கூலிக்கு வர்றவன்தான் மேல குந்துவான்."

"அப்படியா?"

"அங்க அதான் மரியாதை சார். மேல குந்தினா, 'யாரோ கூலி ஆளு போறான்'னு கரையிலயே சொல்லுவாங்க."

சம்பத் நாற்காலியைப் பார்த்தார். சுற்றிலும் கரையைப் பார்த்தார். எருமை மேய்க்கிற இரண்டு பேர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கீழே உட்கார்றேன்," என்றார். லூர்தம்மாள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுசாக வெளியே வரவில்லை, அதற்குள் சம்பத், "அப்போ ஜேசுராஜ், நீ சேர்ல உட்காரு," என்றார்.

"சார்! நானா?"

"நீதானே துடுப்பு போடற ஆள்?"

"உங்க முன்னாடி... சேர்ல... பத்தொன்பது வருஷத்துல நான்..."

"உட்காருன்னா உட்காருய்யா."

"கோவிந்தராஜ், அந்த சேரைக் கழட்டுப்பா," என்றாள் லூர்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஸ்பேனர் எட்துகினு வரலியே அக்கா."

"கரெக்ட்," என்றார் அப்பாவு.

முன்பக்கத்துப் பள்ளத்தில் சம்பத் காலை நீட்டி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், அவர் தலைக்கு மேலே, வெள்ளை நாற்காலியில் ஜேசுராஜ் முதுகை ஒட்டாமல் நுனியில் உட்கார்ந்தார். கோவிந்தராஜ் தள்ளிவிட்டான். படகு போனது. உண்மையைச் சொல்ல வேண்டும்: ஆடவில்லை.

"பார்த்தியா லூர்து?" என்று தண்ணீரிலிருந்து கத்தினார் ஜேசுராஜ். "ஆடல! சொன்னேன்ல?"

"முன்னாடி பாத்து துடுப்பு போடுங்க!"

"டெஸ்ட் பண்ணி எடுத்தது! சும்மாவா?"

ஐம்பது அடி போயிருக்கும். சம்பத் தூண்டிலை வீசினார். முதல் வீச்சிலேயே எதுவோ இழுத்தது. அது ஆகாயத்தாமரைத் தண்டுதான் என்று கரையில் இருந்த எருமைக்குக்கூடத் தெரிந்திருக்கும். சம்பத்துக்குத் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பி, ஆபீஸ் அறையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில், "ஜேசுராஜ்!" என்றார்.

ஜேசுராஜ் எழுந்து நின்றார்.

பத்தொன்பது வருஷப் பழக்கம். அந்தக் குரல் கேட்டால் கால் தானாக நிமிரும். தலையைக் கேட்டுக்கொண்டா நிமிர்கிறது? "எஸ் சார்" என்பதில் எஸ் வரைக்கும் சொன்னார். நீலப் படகு அப்போதும் ஆடவில்லை. ஒரேயடியாகப் போனது.

"ஐயோ! சம்பத் சார்! சார் போயிட்டாரு!" என்று கரையில் கோவிந்தராஜ் தலையில் அடித்துக்கொண்டான். அப்பாவுவுக்கு 'கரெக்ட்' வரவில்லை.

தண்ணீரில் இரண்டு பேர் கையையும் காலையும் அடித்தார்கள். "காப்பாத்து! எனக்கு நீச்சல் தெரியாது!" என்று ஒரு குரல், "எனக்கும் தெரியாது சார்!" என்று இன்னொன்று, மரியாதை குறையாமல். லூர்தம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடைக்குப் போவதுபோல நடந்தே போனாள்.

"சார், எழுந்து நில்லுங்க."

"முழுகறேன்மா!"

"கால ஊனி நில்லுங்க சார். இடுப்பளவுதான் கீது."

சம்பத் நின்றார். இடுப்பளவுதான் இருந்தது. காதோரம் ஆகாயத்தாமரை வேர் தொங்கியது. எருமைக்காரர்கள் சிரிக்கிற சத்தம் ஏரி முழுக்கக் கேட்டது. அவர் ஜேசுராஜைப் பார்த்தார். ஜேசுராஜ் இடுப்பளவு தண்ணீரில் அட்டென்ஷனில் நின்றார்.

"ஜபல்பூர்!" என்றார் சம்பத். வாயிலிருந்து தண்ணீரும் வந்தது. "முப்பத்தொண்ணு வரைக்கும் வேண்டாம். நாளைக்கே! என் கண்ணு முன்னாடி நிக்காதே!"

லூர்தம்மாள் குனிந்து, மிதந்துகொண்டிருந்த தொப்பியை எடுத்தாள். தண்ணீரை உதறினாள். இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"அனுப்பிடுங்க சார். நீங்க சொல்றதுதான் சரி."

சம்பத் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். இவருக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு கதை கிடைச்சா ஒம்பது பேர்கிட்ட சொல்லாம சோறு எறங்காது. இங்க இருந்தா, உங்க கண்ணு கீது. பயந்துகினு வாயை மூடிகினு இருப்பாரு. ஜபல்பூர்ல யாருக்குப் பயப்படப் போறாரு? நம்ம ஆளுங்களே அங்க நாப்பது பேர் இருக்காங்களாம். டீ டயத்துக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் குந்துவாங்களாம்."

"லூர்து, நான் எங்க..." என்று ஆரம்பித்தார் ஜேசுராஜ்.

"நீங்க சும்மா இருங்க. சார், அந்த வேரு காதுல மாட்டிகினு கீது."

சம்பத் வேரை எடுத்துப் போட்டார். இன்னும் சிரித்துக்கொண்டிருந்த எருமைக்காரர்களைப் பார்த்தார்.

"இங்கே இருந்தா வாயைத் திறக்க மாட்டானா?"

"நான் பொறுப்பு சார்."

"அவங்க ரெண்டு பேரு?" கரையைக் காட்டினார்.

"ரிப்போர்ட்டுல அவங்க கையெழுத்தும் கீதே சார். எப்படித் தொறப்பாங்க?"

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, 'நிர்வாகத் தேவை கருதி' ஜேசுராஜின் மாற்றல் ரத்தானது. அதுவும் அரைப் பக்கம்தான்.

"என்ன இருந்தாலும் படகு ஆடலைங்கிறதை சார் மறக்கல பாரு," என்றார் ஜேசுராஜ். லூர்தம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூலின் நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

அதற்குப் பிறகு ஜூன் வரைக்கும் ஜேசுராஜ் பட்ட பாட்டை யார் பார்த்தார்கள்? வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே பெரிய கதை, சொல்லக்கூடாது. கேன்டீனில் யாராவது "மீன் குழம்பு" என்றால் டம்ளரோடு எழுந்து போய்விடுவார். "ஏரியில தண்ணி எப்படி?" என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்டதற்கு, "எந்த ஏரி? எனக்கு ஏரியே தெரியாது" என்றார், வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஏரி தெரிகிற மனுஷர். ராத்திரி தூக்கத்தில் "எஸ்" என்பார். "வாயை மூடுங்க" என்பாள் லூர்தம்மாள்.

ஜூன் ஒன்றாம் தேதி லூர்தம்மாள் நிரந்தரப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாலரை மணி ரயிலில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போய்ப் பையை மாட்டிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கோவிந்தராஜ் பெண்டாட்டி பார்வதம், சுசீலா, புஷ்பா, இன்னும் ஆறேழு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். தண்ணீர் வர நேரமிருந்தது.

"ஒரு விஷயம் சொல்றேன், கேக்கறீங்களா?" என்று குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாற்காலி வந்த இடத்தில் சுசீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். 'எஸ்' வந்த இடத்தில் லூர்தம்மாள் குடத்திலிருந்து எழுந்து நின்றே காட்டினாள். பார்வதம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வந்து குழாய் கொட்டுகிறது, பிடிக்க ஒரு ஆள் இல்லை.

வேலை விட்டு வந்த ஜேசுராஜ் சைக்கிளைப் பிடித்தபடி தெருமுனையில் நின்றுவிட்டார்.

"லூர்து! என்ன பண்றே? சார் காதுல விழுந்தா என்னை ஜபல்பூர் அனுப்பிடுவாரு!"

"போயிட்டு வாங்க," என்றாள் லூர்தம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு நிரந்தரம் ஆயிடுச்சு. மதர் ரூம் குடுக்கறேன்னு சொல்லிட்டாங்க." அப்புறம் பார்வதத்தின் பக்கம் திரும்பி, "எங்க விட்டேன்? ஆங், தண்ணி இடுப்பளவு..."